படத்தில் இருப்பவர்களில் யார் என்ன வேலை செய்தார்கள்?

தருமபுரியை அடுத்த ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் பாடசாலையில், கடந்த மாதம் பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டினோம். பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் நிற்க, மேலிருந்து எடுத்த படம். குழுவுக்கு ஒரு நிறமாகப் பனியன் போட்டிருந்தார்கள். உலகின் பல நாடுகளிலிருந்து வந்த கல்லூரி, பள்ளி மாணவர்கள். செயற்கை உயிரியல் போட்டிக்கு வந்தவர்கள் என்று சொன்னோம்.

பரிசு எவ்வளவு, எந்த நாடு ஜெயித்தது என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வேறொன்று கேட்டாள்: "அண்ணா, இத்தன பேருல யாரு என்ன வேல செஞ்சாங்க?"

அவள் அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். கட்டி முடித்த கட்டடத்தின் கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கும், தலைமை தாங்கியவர் பெயர் இருக்கும், சித்தாள் பெயர் இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இப்படித்தான் கேட்கத் தோன்றும். அன்று அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னோம். மீதியை இங்கே எழுதுகிறோம்.

போட்டி எப்படி வந்தது?

உயிருள்ள ஒவ்வொன்றின் உடலிலும் மரபணுக்கள் இருக்கின்றன. எந்தப் பொருளை எப்போது செய்ய வேண்டும் என்று உயிரணுவுக்குச் சொல்லும் குறிப்புகள் அவை. அந்தக் குறிப்புகளில் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றோடு சேர்த்து, பாக்டீரியா போன்ற சிற்றுயிரைப் புதிய வேலை செய்ய வைப்பதுதான் செயற்கை உயிரியல். இன்சுலின் இன்று இப்படி மரபணு மாற்றிய நுண்ணுயிர்களில்தான் தயாராகிறது. நம் தெருவில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் இந்த அறிவியலின் பழைய பயனாளிகள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 2003 ஜனவரியில் மாணவர்களுக்கான ஒரு மாதப் பாடமாக இது தொடங்கியது. 2004இல் 5 குழுக்களுடன் போட்டியானது. ஐஜெம் என்று அழைக்கிறார்கள். இன்று ஆண்டுதோறும் முந்நூறுக்கும் மேற்பட்ட குழுக்கள் வருகின்றன. 2022 முதல் இறுதி விழா பாரிஸில் நடக்கிறது. பெரிய பரிசு பணம் அல்ல. பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைபோல் உலோகத்தில் செய்த ஒரு கேடயம். மரபணுத் துண்டுகளை அந்தக் கட்டைகள்போல் ஒன்றோடொன்று பொருத்தலாம் என்பதுதான் போட்டியின் அடிப்படை எண்ணம். அதனால் அந்த வடிவம்.

நாம் இங்கே அறிமுகப்படுத்த விரும்பும் குழு 2006ஆம் ஆண்டுப் போட்டிக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்கள். அந்த ஆண்டு வந்த முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்களில் இந்தக் குழுவை நாம் தேர்ந்தெடுக்கக் காரணம், அவர்கள் கையில் எடுத்தது குடிதண்ணீர்ப் பிரச்சினை. அதுவும் அவர்கள் ஊர்த் தண்ணீர் அல்ல, வங்காளத்து ஏழைகளின் தண்ணீர்.

அடிபம்பில் வந்த நஞ்சு

வங்கதேசத்தில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 1970களிலிருந்து அரசும் யுனிசெஃப் போன்ற அமைப்புகளும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. லட்சக்கணக்கில் அடிபம்புகள் வந்தன. பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர் சுத்தமானது என்று எல்லோரும் நம்பினார்கள். அதில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை.

இருந்தது. மேற்கு வங்கத்தில் 1980களின் தொடக்கத்திலேயே கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி.சாஹா, நோயாளிகளின் தோலில் வந்த புள்ளிகளுக்குக் காரணம் அவர்கள் குடித்த கிணற்று நீர் என்று கண்டார். வங்கதேசத்தில் 1993இல் உறுதியானது. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரை, அந்த நாட்டின் பன்னிரண்டரைக் கோடி மக்களில் மூன்றரைக் கோடி முதல் ஏழு கோடியே எழுபது லட்சம் பேர் வரை ஆபத்தில் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டது.

ஆர்சனிக்குக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. குடிப்பவருக்குத் தெரியாது. ஆண்டுகள் கழித்து உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கரடுதட்டும். உடம்பில் கறுப்புப் புள்ளிகள் வரும். பிறகு புற்றுநோய் வரும். புள்ளி வந்தவர்களைத் தொழுநோயாளி என்று ஊர் ஒதுக்கியது. புள்ளி வந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வரவில்லை. கல்யாணமான பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பைப் பார்த்து மனிதரை விலக்குவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரசு கிணறுகளைச் சோதித்தது. பாதுகாப்பானதற்குப் பச்சை, நஞ்சு உள்ளதற்குச் சிவப்பு என்று பம்பின் வாயில் பெயிண்ட் அடித்தார்கள். ஆனால் வயலில் எடுத்துப்போகும் சோதனைப் பெட்டிகளில் குறை இருந்தது. தண்ணீரில் அமிலமும் துத்தநாகத்தூளும் சேர்த்து, கிளம்பும் வாயுவைப் பாதரச உப்புத் தடவிய தாளில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். அந்த வாயுவே நஞ்சு, தாளும் நஞ்சு. அளவு குறைவாக இருந்தால் நிறத்தை நம்பவும் முடியாது. மலிவான, நஞ்சில்லாத, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு சோதனை வேண்டியிருந்தது. எடின்பரோ மாணவர்கள் அதைச் செய்யத்தான் உட்கார்ந்தார்கள்.

குழுவில் யார் யார்?

முதலில் ஆய்வக மேசையில் நிற்பவர்கள். உயிரியல் படிக்கும் மாணவர்கள். மரபணுத் துண்டை வெட்டி, ஒட்டி, பாக்டீரியாவுக்குள் செலுத்தி, இரவெல்லாம் வளரவிட்டு, காலையில் வந்து வளர்ந்ததா என்று பார்ப்பது இவர்கள் வேலை. பெரும்பாலான காலைகளில் வளர்ந்திருக்காது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தட்டு கழுவுவதும், ஊட்டத் திரவம் காய்ச்சுவதும், கழிவைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கி அகற்றுவதும் இவர்கள்தான். அறிவியல் என்றால் கை அழுக்காகாத வேலை என்று நினைப்பவர்கள் ஆய்வக மேசையைப் பார்த்ததில்லை.

இரண்டாவது, திட்டத்தை வரைபவர்கள். ஈ.கோலை என்ற பாக்டீரியாவிடம் ஆர்சனிக்கை உணரும் ஓர் ஏற்பாடு இயற்கையாகவே உண்டு. ஒரு புரதம் வாயிற்காவலர்போல் மரபணுவின் கதவை அடைத்து நிற்கும். ஆர்சனிக் உள்ளே வந்தால் அது அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்; கதவு திறக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் நாம் விரும்பும் மரபணுவை வைத்தால்? மாணவர்கள் பால் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுவை வைத்தார்கள். ஆர்சனிக் இருந்தால் பாக்டீரியா பால் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்கும். பால் தயிராகும்போது புளிக்கிறதே, அதுபோலத்தான். புளிப்பு ஏறினால் சாயத்தின் நிறம் மாறும். நிறம் மாறினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. இவ்வளவுதான் சோதனை.

மூன்றாவது, கணினியில் உட்கார்ந்தவர்கள். எவ்வளவு ஆர்சனிக் இருந்தால், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு அமிலம் சுரக்கும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வது இவர்கள் வேலை. இவர்கள் உயிரியல் மாணவர்களாக இருக்க வேண்டியதில்லை. கணிதமும் நிரல் எழுதவும் தெரிந்தால் போதும்.

நான்காவது, பொறியியல் பக்கம். அமிலத்தை அளக்கப் பள்ளி ஆய்வகத்திலேயே கிடைக்கும் மலிவான கருவி போதும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் பலம். பாக்டீரியாவை ஒளிரவைத்து அளக்கும் ஆர்சனிக் சோதனையை ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஏற்கெனவே செய்து வியட்நாமில் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். ஆனால் ஒளியை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். புளிப்பை அளக்க அது தேவையில்லை.

ஐந்தாவது, வழிகாட்டிகள். உயிரியலாளர் கிறிஸ் ஃபிரெஞ்ச், பொறியாளர் அலிஸ்டர் எல்ஃபிக் போன்ற ஆசிரியர்கள் உடன் நின்றார்கள். வெவ்வேறு துறை ஆசிரியர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் மாணவர்களும் உட்கார முடிந்தது.

ஒரு லிட்டரில் 5 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருந்தாலும் அவர்களின் பாக்டீரியா காட்டிக்கொடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10. வங்கதேசத்தின் வரம்பு 50. அந்த ஆண்டு வாழ்க்கைக்குப் பயன்படும் சிறந்த திட்டத்துக்கான பரிசை இந்தக் குழு வாங்கியது. மறு ஆண்டு ஆய்விதழில் கட்டுரையும் வந்தது, மாணவர்களின் பெயர்களோடு.

இல்லாமல் போன ஒருவர்

பிறகு என்ன ஆயிற்று? எடின்பரோவிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து, இதைக் கிணற்றடிக்கு எடுத்துப்போகும் மூடிய கருவியாக மாற்ற ஆண்டுக்கணக்கில் முயன்றார்கள். பெரிய தடை விதிகள். மரபணு மாற்றிய உயிருள்ள பாக்டீரியாவை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோவதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் 1989 முதல் தனி விதிகளே இருக்கின்றன. அந்த விதிகள் தேவையானவை. ஏழைகளின் கிணற்றைச் சோதனைக்களமாக யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆனால் ஒரு மாணவர் கோடை விடுமுறையில் முடித்த வேலை, கிராமத்துப் பெண்ணின் கைக்குப் போய்ச்சேர எத்தனை கதவுகளைத் தாண்ட வேண்டும் என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

இந்த இடத்தில் நாம் ஒன்று கேட்கிறோம். அந்தக் குழுவில் எல்லா இருக்கைகளும் நிரம்பியிருந்தனவா? சிவப்புப் பெயிண்ட் அடித்த பம்புக்குப் பக்கத்தில் குடியிருந்தவர் குழுவில் உண்டா?

அவருக்குத் தெரிந்தது வேறு. சிவப்பு என்று தெரிந்த பிறகு பச்சைப் பம்பு வைத்திருப்பவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வீட்டார் எந்த நேரத்தில் தண்ணீர் விடுவார்கள், எத்தனை குடம் விடுவார்கள், என்ன முகம் காட்டுவார்கள் என்பதெல்லாம் அவர் அறிவார். தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்பதற்குப் பாக்டீரியா பதில் சொல்லும். நஞ்சு இருந்தால் நான் எந்த வாசலுக்குப் போவேன் என்பதற்கு அது பதில் சொல்லாது. 1927இல் மகத் நகரின் சவுதார் குளத்துக்கு அண்ணல் அம்பேத்கரின் பின்னால் நடந்தவர்கள் கேட்டதும் அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

எடின்பரோ மாணவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. சுமார் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வேறொரு ஜனத்தின் குடத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பின்னாளில் போட்டி நடத்துபவர்களே இந்தக் குறையை உணர்ந்து, பாதிக்கப்படும் மக்களிடம் போய்ப் பேசி அவர்கள் சொன்னதைத் திட்டத்தில் சேர்ப்பதையும் மதிப்பெண்ணுக்கு உரிய வேலையாக்கினார்கள். ஆறாவது இருக்கை ஒன்று வந்தது. அந்த இருக்கைக்குப் பாடப்புத்தகம் மட்டும் போதாது. குடத்தோடு வரிசையில் நின்ற பழக்கமும் வேண்டும்.

உயிரியல் படிக்காதவர்களும்

உயிரியல் படிக்காத பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். 2009இல் பெங்களூருவின் சிருஷ்டி கலைப் பள்ளி மாணவர்கள் இதே போட்டிக்குப் போனார்கள். ஓவியமும் வடிவமைப்பும் படிப்பவர்கள். உயிரியல் ஆய்வகத்தில் வேலை பழகி, முதல் மழையில் எழும் மண் வாசனையைத் தரும் பொருளைப் பாக்டீரியாவில் சுரக்கவைக்க முயன்றார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, எடின்பரோ குழு வந்த அதே 2006இல், பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்தும் ஒரு குழு போயிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்தும் குழுக்கள் போகின்றன. வழி நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தமிழ் படித்த நமக்கு இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஒவ்வொரு குழுவும் தான் செய்ததை எழுதி வைக்க வேண்டும்; கேட்பவர் புரிந்துகொள்ளும்படி மேடையில் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தவருக்கும் பேசத் தெரிந்தவருக்கும் அங்கே இருக்கை உண்டு.

எழுதியே ஆக வேண்டிய பக்கம்

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு நேரடியான பதில். இந்தப் போட்டியில் இன்று ஒரு விதி இருக்கிறது. எந்த வேலையை யார் செய்தார் என்று ஒவ்வொரு குழுவும் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் செய்து கொடுத்ததை மாணவர் செய்ததாகக் காட்டக் கூடாது. வெளியே யாராவது உதவியிருந்தால் அவர் பெயரையும் உதவியையும் சொல்ல வேண்டும். இதை எழுதாத குழுவுக்கு வெண்கலப் பதக்கம்கூடக் கிடையாது.

சிறிய விதிதான். ஆனால் நம் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் கனம் தெரியும். ஏரிகளுக்குக் கரை போட்டவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? மடை திறந்து, வயலுக்கு வயல் தண்ணீரை அளந்து விட்ட நீர்க்கட்டிகள் நம் பாட்டன்மார். எந்த மாதத்தில் எந்த மடை, எத்தனை நாழிகை என்ற கணக்கு அவர்கள் தலையில் இருந்தது. அதை அறிவு என்று யாரும் எழுதவில்லை. ஊழியம் என்று எழுதினார்கள். நம் ஊரில் வேலை ஆளைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. பிறகு அந்த ஆளின் பிள்ளைக்கும் அதுவே கொடுக்கப்பட்டது. செய்தவர் பெயர் மட்டும் விடுபட்டது. அந்தப் போட்டியின் குழுவில் ஒருவர் தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கிறார்; வேலைக்குப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் நம் பிள்ளைகள் கடக்க வேண்டிய தூரம்.

அந்தத் தூரத்தில் பணமும் இருக்கிறது. ஒரு குழு பதிவு செய்யவே 5,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். நம் பணத்தில் நான்கு லட்சத்தைத் தாண்டும். ஆய்வகச் செலவும் விமானச் செலவும் தனி. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை சில ஆண்டுகள் இந்தியக் குழுக்களுக்கு நிதி கொடுத்திருக்கிறது. அரசு கலைக் கல்லூரி மாணவர் குழுவுக்கு அப்படிப்பட்ட நிதி நிரந்தரமாக வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியின் ஆய்வக அலமாரி பூட்டியே கிடப்பதைப் பற்றியும் அதே மூச்சில் கேட்க வேண்டும். அலமாரி திறக்காமல் பாரிஸ் போக முடியாது.

நம் மாவட்டத்தின் கேள்வி

நம் மாவட்டத்துக்கு ஆர்சனிக் கவலை இல்லை, ஃபுளோரைடு கவலை உண்டு. கறை படிந்த பற்களோடு வளர்ந்த தலைமுறைகள் நம்முடையவை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஃபுளோரைடு பல்லில் தொடங்கி எலும்பு வரை பிடிக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதே அதற்காகத்தான். ஆனால் குழாயில் காவிரி வராத நாளில் காலனி எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது? போர்வெல் தண்ணீரைத்தான். அந்த போர்வெல்லில் ஃபுளோரைடு எவ்வளவு என்று குடம் எடுக்கும் பெண்ணுக்கு யார் சொல்கிறார்கள்?

எடின்பரோ மாணவர்களுக்கு நின்றுபோன வழியை அறிவியல் வேறு பக்கமாகத் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயிருள்ள பாக்டீரியாவே இல்லாத ஒரு ஃபுளோரைடு சோதனையை 2020இல் வெளியிட்டார்கள். உயிரணுவின் உள்ளே இருக்கும் சாற்றை மட்டும் எடுத்து, உலர்த்திக் குப்பியில் வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் அது வேலை செய்யத் தொடங்கும். ஃபுளோரைடு இருந்தால் நிறம் வரும். உயிர் இல்லாததால் தப்பித்துப் பரவும் பயம் இல்லை. மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகா நாட்டில், எரிமலைப் பகுதித் தண்ணீரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கோஸ்டாரிகாவில் ஒரு சொட்டு விட முடிந்தால் தருமபுரியிலும் விட முடியும். அதைச் செய்யப்போகும் குழுவில் மேசையில் நிற்பவர், கணக்குப் போடுபவர், கருவி செய்பவர், எழுதுபவர் எல்லோரும் வேண்டும். எந்தத் தெருவின் போர்வெல்லை முதலில் சோதிக்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் நம் பாடசாலையில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

முழுப் பதிலையும் சொன்ன அன்று அவள் நோட்டை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டாள். இடது பக்கம் பெயர், வலது பக்கம் வேலை. காலனியின் ஐந்து போர்வெல்களில் தண்ணீர் எடுத்து மாவட்டத் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அன்றே முடிவானது. பாட்டில் கழுவுபவர், தண்ணீர் பிடிப்பவர், சீட்டு ஒட்டுபவர், விண்ணப்பம் எழுதுபவர், ஆய்வகத்துக்கு எடுத்துப்போகிறவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதினாள். பாட்டில் கழுவும் வேலைக்கு எதிரே முதலில் எங்கள் பெயரைத்தான் எழுதியிருந்தாள். ஒப்புக்கொண்டோம்.